பத்துப் பேர், இரண்டு லாக்கர், ஒரு நாள்: பெங்களூர் உறவினர் வீட்டிலிருந்து வொண்டர்லா

பெங்களூரில் அக்காவோ சித்தியோ மாமாவோ இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் ஒரே நிபந்தனைதான்: ஒரு நாள் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போயாக வேண்டும். கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய கல்லூரி நண்பரின் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர். இந்தப் பதிவு அந்தப் பத்துப் பேருக்கானது. நான்கு பேராகப் போனால் எப்படிப் போனாலும் பொழுது ஒப்பேறிவிடும். பத்துப் பேர் கணக்குப் போடாமல் போனால் பாதி நாள் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே கழியும்.

முதலில் இடம். மைசூர் ரோட்டில் 28-வது கிலோமீட்டர், பிடதி ஊருக்கு முன்னாலேயே திரும்ப வேண்டும். கொச்சி பக்கம் பள்ளிக்கரையில் 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கிய அதே நிறுவனம் 2005-ல் இதைத் திறந்தது. சென்னைக்காரர்களுக்குத் திருப்போரூர் அருகே இள்ளலூரிலும் இப்போது ஒன்று வந்துவிட்டது. ஆனால் சேலம், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்கும், உறவினர் வீடு பெங்களூரில் இருப்பவர்களுக்கும் பிடதிதான் கைக்கு எட்டும் தூரம்.

தேதியைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. பலர் கவனிக்காத ஒரு சந்து இருக்கிறது. கர்நாடகத்தில் சமீப ஆண்டுகளில் பள்ளிகள் மே மாதக் கடைசியிலேயே திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகுதான். 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. அந்த இடைவெளியில் வரும் செவ்வாய், புதன், வியாழன் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், உங்கள் பிள்ளைகள் வரிசையில் முன்னால் இருப்பார்கள். இதற்கு நேர் எதிர், மே மாத சனி, ஞாயிறு. அன்றைக்கு டிக்கெட் விலையும் வார நாளைவிடக் கூடுதல், கூட்டமும் கூடுதல்.

ஊரிலிருந்து வந்து இறங்கிய நாளிலேயே கிளம்பாதீர்கள். இரவு ரயிலில் சரியாகத் தூங்காத குழந்தைக்கு மதியம் இரண்டு மணிக்கு அழுகை தொடங்கிவிடும். மறுநாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் பூங்கா, அதற்கும் அடுத்த நாள் ஊர் திரும்புவது என்று வைத்தால் உடம்பு தாங்கும். பூங்காவிலிருந்து நேரே ரயில் ஏறும் திட்டம் போடுபவர்கள் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கேஎஸ்ஆர், கண்டோன்மென்ட், யஷ்வந்த்பூர், பையப்பனஹள்ளியில் இருக்கும் எஸ்எம்விடி என நான்கும் நான்கு திசை. பிடதியிலிருந்து எஸ்எம்விடி போக நகரத்தை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். மாலை ஆறரைக்கு மைசூர் ரோட்டில் மாட்டிக்கொண்டு எட்டரை மணி வண்டியைப் பிடிக்க முடியாது. இரவு பத்தரைக்கு மேல் கிளம்பும் வண்டி என்றால் முயன்று பார்க்கலாம், அதுவும் பெட்டிகள் ஏற்கெனவே காரில் இருந்தால் மட்டும்.

டிக்கெட்டை ஒரே ஆள் ஆன்லைனில் எடுக்கட்டும். ஆனால் எடுப்பதற்கு முன் குழந்தைகளை அளந்துவிடுங்கள். இங்கே கணக்கு வயதில் இல்லை, உயரத்தில். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். அளக்கும் முறை எளிது. செருப்பில்லாமல் குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிப் படுக்கைவாக்கில் வைத்து, அதன் அடிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளக்க வேண்டும். காலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக வரும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரேறி விரிந்து, பகலில் நடக்க நடக்க அமுங்குவதுதான் காரணம். 139, 140 என்று எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு இது முக்கியம். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 வேண்டும். டிக்கெட் கவுன்டரில் பிள்ளை குள்ளமாக இருக்க வேண்டும், ரோலர் கோஸ்டர் வாசலில் நெட்டையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பத்து வயதுப் பிள்ளைகளில் பலர் இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருப்பார்கள். இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். வரிசையில் அரை மணி நின்றபிறகு அளவுகோலில் தலை இடிக்காமல் திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு. அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். பாட்டி, தாத்தாவைப் பற்றி என் கருத்து: முழங்கால் வலி இருப்பவர்களை இழுத்துப் போகாதீர்கள். நாள் முழுக்க வெயிலில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுற்றுலா ஆகாது. மறுநாள் காலை லால்பாக் கூட்டிப்போனால் அவர்களுக்கு அதுதான் சந்தோஷம்.

போகும் வழி. ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், அல்சூர், இந்திராநகர் பக்கம் உறவினர் வீடு என்றால் மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஏறி கடைசி ஸ்டேஷனான சல்லகட்டாவில் இறங்குங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை வண்டி மாறாமல் போகலாம். அங்கிருந்து மைசூர் ரோட்டிலேயே பேருந்தோ டாக்ஸியோ. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்தவர்கள் யெல்லோ லைனில் ஆர்.வி. ரோடு, அங்கே கிரீன் லைனுக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே பர்ப்பிளுக்கு மாறி சல்லகட்டா என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். பத்துப் பேரும் பைகளுமாக அது அலுப்பு. அவர்களுக்கு நைஸ் ரோடுதான் சரி. ஓசூரிலிருந்து காரில் நேரே வருபவர்களுக்கும் அதையே சொல்வேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறினால் நகரத்துக்குள் நுழையாமலே மைசூர் ரோட்டில் கொண்டுபோய் விடும். சுங்கம் கட்ட வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நேரத்தை நினைத்தால் அந்தக் காசு பெரிதாகத் தெரியாது.

கார் ஓட்டுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெங்கேரி தாண்டியதும் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் நடுப்பாதை உங்களைக் கவர்ந்து இழுக்கும். அதில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, திரும்புமிடத்தைத் தாண்டிப் போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும். ஓரத்தில் இருக்கும் சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். பைக்கில் வரும் நண்பர்களுக்கு அந்த நடுப்பாதை 2023 ஆகஸ்டிலிருந்தே தடை.

பூங்கா பதினொரு மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிடதி வரை போய்வர நேரம் இருக்கிறது. அங்கே தட்டே இட்லி. கன்னடத்தில் தட்டே என்றால் நம்ம தட்டுதான். குழியில்லாத தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, அடுக்கி வேகவைத்து எடுப்பார்கள். உள்ளங்கை அகலம், நம் இட்லி இரண்டு மூன்றைச் சேர்த்த கனம், விரலால் அமுக்கினால் பஞ்சுபோல் எழும். மேலே ஒரு உருண்டை வெண்ணெய் வைத்துத் தருவார்கள். அது உருகி ஓரத்துக்கு வரும்வரை காத்திருந்து கெட்டிச் சட்னியோடு சாப்பிட வேண்டும். ஆளுக்கு இரண்டு போதும். மூன்றாவதுக்கும் உளுந்து வடைக்கும் கை நீளும், நீட்டாதீர்கள். ஒன்பதரைக்குச் சாப்பிட்டு எழுந்தால் முதல் ரைடுக்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். வயிறு நிரம்பியும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. சுழலும் ரைடுகளில் வாந்தி எடுப்பவர்களில் வெறும் வயிற்றோடு வந்தவர்களும் நிறைய. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் வாசலில் சண்டை போட வேண்டாம். குடிநீர் உள்ளே கிடைக்கும், காலி பாட்டில் போதும்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கேட்பது: முதலில் தண்ணீரா, தரையா? பெரும்பாலோர் பிள்ளைகளின் அவசரத்துக்கு இணங்கித் தண்ணீர்ப் பக்கம் ஓடுகிறார்கள். தண்ணீர் விளையாட்டுகள் நண்பகல் வாக்கில்தான் திறக்கும். ஆகவே பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை தரை ரைடுகளுக்குத்தான் பொன்னான நேரம். அப்போது வரிசை குட்டையாக இருக்கும், வெயிலும் உச்சிக்கு வந்திருக்காது. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலையில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அவற்றைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தவர்கள் ஏமாந்து நிற்பார்கள்.

ஈர உடையோடு தரை ரைடில் ஏற்றமாட்டார்கள். ஒரு முறை உடை மாற்ற, பத்துப் பேர் கொண்ட கும்பலுக்கு, லாக்கர் திறந்து, அறைக்கு வரிசையில் நின்று, தலை துவட்டி, மறுபடி ஒன்று சேர, நாற்பது நிமிடம் ஆகும். நான் சொல்லும் ஒழுங்கு இது: தரை, சாப்பாடு, தண்ணீர், மறுபடி தரை. உடை மாற்றுவது தண்ணீருக்குள் போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, அவ்வளவுதான். நடுவில் ‘அந்த ஒரு ரைடு மட்டும் போய்வரலாமே’ என்று யாராவது இழுத்தால் மறுத்துவிடுங்கள்.

வரிசையைப் பார்த்து மலைப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு ரைடில் எத்தனை இருக்கை, ஏற்றி ஓட்டி இறக்க எத்தனை நிமிடம் என்று ஒரு சுற்று பாருங்கள். 24 இருக்கை, நான்கு நிமிடம் என்றால் மணிக்கு 15 சுற்று, 360 பேர். உங்களுக்கு முன்னால் 120 பேர் நின்றால் ஐந்து சுற்று, இருபது நிமிடம். வரிசையின் ஒரு மடிப்பில் எத்தனை பேர் என்று எண்ணி, மடிப்புகளால் பெருக்கினால் தலைக்கணக்கு வந்துவிடும். நடைமுறையில் இதில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். குடும்பமாகச் சேர்ந்து உட்கார வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பதால் ஒற்றை இருக்கைகள் காலியாகவே ஓடும். இந்தக் கணக்கில் நாற்பது நிமிடத்துக்கு மேல் வந்தால் அடுத்த ரைடுக்கு நகர்ந்து, மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணி வாக்கில் திரும்பி வாருங்கள். நீங்கள் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிட்டால் இது கைகூடும். கூடுதல் பணம் கட்டித் தனி வரிசையில் போகும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட்டும் உண்டு. விடுமுறை நாள் ஞாயிற்றுக்கிழமையில் வேறு வழியே இல்லை என்றால் அது சரி. வார நாளில் அதற்குச் செலவழிப்பது வீண்.

பத்துப் பேரும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஒருவருக்குக் கழிப்பறை என்றால் ஒன்பது பேர் நிற்பார்கள். இப்படி நின்றே இரண்டு மணி நேரம் போய்விடும். மூன்று அணியாகப் பிரியுங்கள்: 140 தாண்டிய துணிச்சல்காரர்கள், குழந்தைகளோடு இரண்டு பெரியவர்கள், நிதானமாகப் போக விரும்புபவர்கள். அணிக்கு ஒரு ஃபோன். சந்திப்பு பன்னிரண்டரைக்கும் நாலரைக்கும், ஏதாவது ஒரு அடையாள இடத்தில். நண்பர் குடும்பத்துப் பிள்ளை உங்கள் அணியில் இருந்தால் அவனுக்கு என்ன ஒவ்வாமை, எதற்குப் பயப்படுவான், ரைடில் ஏற்றலாமா என்று அவன் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. ‘நீயும் ஏறுடா, பயமா?’ என்று மாமா, சித்தப்பாக்கள் சீண்டுவதை அன்றைக்கு மட்டுமாவது நிறுத்திவைக்கலாம். அப்படி ஏற்றிய குழந்தை அதன்பிறகு நாள் முழுக்க எதிலும் ஏறாது.

ரீகாயில் என்ற பெரிய ரோலர் கோஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வண்டியைப் பின்னோக்கி மேலே இழுத்து விட்டுவிடுவார்கள். அது வளையங்களைத் தலைகீழாகக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறும், பிறகு அதே வழியில் பின்னோக்கித் திரும்பும். முன்னே போகும்போது தாங்கும் தலை, பின்னே வரும்போது சுற்றும், அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது என்பதால். தோள்மேல் வந்து பூட்டும் பட்டை இதில் உண்டு. அசைவில் காது அந்தப் பட்டையில் மோதும். ஜிமிக்கி, தொங்கட்டான் போட்டிருந்தால் அவசியம் கழற்றுங்கள், சின்னத் தோடும் அழுந்தி வலிக்கும். பின்னந்தலையை இருக்கையோடு அழுத்தி வைத்துக்கொண்டால் மோதல் குறையும். கண்ணை மூடாதீர்கள். மூடினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் எதுவும் சொல்லாது, அந்தக் குழப்பம்தான் குமட்டல். இறங்கியதும் இருபது நிமிடம் சுழலும் எதிலும் ஏறக் கூடாது. கர்ப்பிணிகள், இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். வாசல் பலகையில் எழுதியிருப்பது சும்மா இல்லை.

இனி தண்ணீர். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், இரண்டு அர்த்தத்திலும்.

பருத்தி உடைக்கு அனுமதி இல்லை. நைலான், பாலியஸ்டர், லைக்ரா மட்டும். கொண்டுவராதவர்களுக்கு உள்ளேயே விற்பார்கள், ஆனால் பத்துப் பேருக்கு அங்கே வாங்கினால் பட்ஜெட் எகிறிவிடும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், நீந்துபவரைக் கீழே இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும், சாயமும் விடும். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் சறுக்குப் பாதையின் வழவழப்பைக் கீறிவிடும். அந்தக் கீறல் அடுத்து வருபவரின் முதுகைக் கீறும். பெண்களுக்குச் சரியாக வருவது முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் நைலான் லெகிங்ஸும்தான். சேலையும் துப்பட்டாவும் சறுக்குகளில் ஆபத்து. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். வீட்டில் போடும் லெகிங்ஸ் பெரும்பாலும் பருத்தி கலந்தவை, வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு நிறம் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. கூட்டத்தில் தேடவும் இந்த நிறங்கள்தான் உதவும், ஏனென்றால் சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் கருநீல நைலானில்தான் இருக்கும். கையில் ஃபோன் எண் எழுதுவதென்றால் பால் பாயின்ட் பேனா அரை மணிகூடத் தாங்காது. பெர்மனென்ட் மார்க்கரில் எழுதி, காய்ந்ததும் மேலே நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பூச்சு பூசுங்கள். காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால், காணவில்லை என்று சொல்ல நேரும்போது வாய் குழறாது.

தலைக்கு எண்ணெய் வைத்துப் போகாதீர்கள். பல அம்மாக்கள் குளோரினுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துச் சொட்டச் சொட்ட வைத்துவிடுவார்கள். அது தண்ணீரைத்தான் கெடுக்கும். குளத்தில் இறங்குமுன் ஷவரில் தலையை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்துவிட்டால் போதும். ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். பின்னல் இறுக்கமாக, தொப்பி அதன்மேல். கொலுசு, மெட்டி, வளையல், கவரிங் செயின் எல்லாம் உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட் போட்டு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், ஊக்குக் குத்த வேண்டாம். கான்டாக்ட் லென்ஸோடு தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஃபோனுக்கு வாங்கும் வாட்டர்ப்ரூஃப் பையை அங்கே போய்ச் சோதிக்காதீர்கள். முதல் நாள் இரவு அதில் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் மேலே ஒரு செம்பைக் கனமாக வைத்து மூழ்கடித்துவிடுங்கள். காலையில் பேப்பர் ஓரம் ஈரமாக இருந்தால் பை உதவாது. லாக்கர் ஐந்து பேருக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தால் சரியாக இருக்கும். சாவியை ஒவ்வொரு லாக்கருக்கும் ஒரே ஆள் கையில் கட்டிக்கொள்ள வேண்டும், அந்த ஆள் உயரச் சறுக்குகளில் ஏறாதவராக இருந்தால் நல்லது. ஃபோன் லாக்கரில் இருக்கும்போது ஜிபே வேலை செய்யாது. ஜிப் பையில் இருநூறு, முந்நூறு ரூபாய் பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்குகளில் பணியாளர் சொல்லும் நிலை ஒன்று உண்டு: மல்லாந்து படுத்து, கணுக்கால் மேல் கணுக்கால், கைகள் மார்பில் குறுக்காக. பலர் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார்கள். முழங்கைத் தோல் உரிவது அப்படித்தான். காலைக் குறுக்காக வைக்காவிட்டால் கீழே குளத்தில் விழும் வேகத்தில் தண்ணீர் கால்களைப் பிரித்து அடிக்கும், வலி உண்டாக்கும் அடி அது. ட்யூபில் இருவராகப் போகும்போது எடை வித்தியாசம் அதிகமிருந்தால் ட்யூப் சுழன்றுகொண்டே வரும். சுழல்வது பிடிக்காத குழந்தையை எடைமிகுந்த சித்தப்பாவோடு அனுப்பாதீர்கள்.

அலைக்குளத்தில் சைரன் ஊதியதும் எல்லோரும் ஆழத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். சின்னக் குழந்தைகள் விழுவது கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில். அங்கேதான் அலை உடையும், திரும்பும் தண்ணீர் காலைப் பறிக்கும். பெரியவர் குழந்தைக்கும் ஆழத்துக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கையில் ஃபோனோடு நிற்பவர் காவல் நிற்பவர் ஆகமாட்டார். இருவர் இருந்தால் கால் மணிக்கு ஒரு தரம் முறை வைத்துக்கொள்ளுங்கள். தரையும் வெயிலில் சுடும். ஸ்ட்ராப் வைத்த ரப்பர் செருப்பு நல்லது. அது இல்லாதவர்கள் கால் சுட ஓடுவார்கள், ஓடினால் வழுக்கும்.

தண்ணீருக்குள் நிற்பதால் தாகம் தெரியாது. ஆனால் வியர்க்கும். மாலை தலைவலியும் எரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான். ஓஆர்எஸ் பொட்டலம் எடுத்துப்போனால் பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு முழு லிட்டர் தண்ணீர், சின்னப் பொட்டலம் என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் அளவு. அரை லிட்டர் பாட்டிலில் பெரிய பொட்டலத்தை முழுக்கக் கொட்டினால் உப்பு அளவுக்கு மீறிவிடும், குழந்தைகளுக்கு அது நல்லதல்ல. செயற்கை மழையில் ஆடும் ரெயின் டிஸ்கோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேலிருந்து விழுவது வெந்நீர். மூன்று மணி நேரம் குளிரில் ஊறிய உடம்புக்கு அதிலிருந்து நேரே உடை மாற்றப் போவது இதம். வெடவெடக்கும் பிள்ளையைத் துவட்டுவதைவிட அது சுலபம்.

வீடு திரும்பும் விஷயத்தில் கொஞ்சம் நாகரிகம் வேண்டும். காலையில் கிளம்பும்போதே அத்தையிடம் சொல்லிவிடுங்கள்: இரவுக்கு ரசமும் சோறும் அப்பளமும் போதும் அத்தை, நாங்கள் வர ஒன்பதாகும் என்று. சொல்லாவிட்டால் பத்துப் பேருக்குப் பூரி, குருமா தயாராக இருக்கும், பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், அவர் முகம் வாடும். காலையிலும் ஒரே குளியலறையில் பத்துப் பேர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். பாதிப் பேர் முதல் நாள் இரவே குளித்துவிட வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பல அடுக்ககங்களில் கோடையில் டேங்கர்தான். எனவே குளோரின் உடைகளைப் பூங்காவின் ஷவரிலேயே இரண்டு தடவை அலசிவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல், விரித்த துண்டின்மேல் பரப்பிச் சுருட்டி, சுருளின்மேல் முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும், லைக்ராவும் தொய்யாது. வீட்டுக்கு வந்ததும் அவற்றை மாமாவின் வெள்ளைச் சட்டைகளோடு மெஷினில் போட வேண்டாம், புது நைலானின் சாயம் எப்படியிருக்கும் என்று முதல் முறை தெரியாது. பால்கனிக் கொடியில் பத்து உடைகளுக்கு இடமிருக்காது. ஹேங்கரில் மாட்டி, கூடத்து ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஃபேனை இரண்டில் வையுங்கள். விடிவதற்குள் காய்ந்துவிடும்.